டிரைவர் மீது சுமத்தப்படும் வீண்பழி

மாத இறுதிக் கணக்குகளைத் தொகுக்கும்போதோ, ஆயிரக்கணக்கான படங்களைப் பிரதி செய்யும்போதோதான் கணனித் திரை உறைந்து போகின்றது. ஒரு நிமிடம் கழிந்ததும் எதுவும் நடவாதது போல் மீண்டும் அசைகின்றது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்தால் 129 என்ற இலக்கமும், வன்தட்டு டிரைவரின் பெயரும், சாதனத்துக்கு 'ரீசெட்' கட்டளை விடுக்கப்பட்டது என்ற வாசகமும் காணப்படும். பெயர் அங்கிருப்பதால் குற்றவாளி டிரைவரே என முடிவுகட்டி அதனை அழித்துப் புதிதாக நிறுவுவதும், அதுவும் பயன்தராதபோது விண்டோஸையே மீள நிறுவுவதும் நம்மவரிடையே வழக்கமாகிவிட்டன. இது ஆபத்தான வழக்கம் என்பதை நாம் சுட்டிக்காட்டியாக வேண்டும்.

கணனிக்கும் வன்தட்டுக்கும் இடையே நிற்கும் தூதுவரே டிரைவர். கட்டளையைத் தட்டுக்கு அனுப்பிவிட்டு அது காத்திருக்கின்றது. லினக்ஸில் வழமையாக 30 செக்கன், விண்டோஸில் பெரும்பாலும் 60 செக்கன். அதற்குள் பதில் வராவிடின் இணைப்பை மீளமைத்து, நடந்ததைப் பதிவேட்டில் எழுதி வைக்கின்றது. பதிலளிக்கத் தவறியவர் ஒருவர், முறைப்பாடு செய்தவர் மற்றொருவர். முறைப்பாட்டுக்காரரையே கூண்டில் ஏற்றுவது நமது நாட்டுக்குப் புதிதல்ல. எனினும் கணனி விடயத்திலாவது அதனைத் தவிர்க்கலாம்.

வேலைப்பளு கூடும்போது மாத்திரம் கோளாறு தலைகாட்டுவது ஏன்? சாட்டா வகைத் தட்டொன்று ஒரே வேளையில் 32 கட்டளைகள் வரை வரிசையில் ஏற்கும். பிரதேச செயலகத்தில் ஒரேயொரு கருமபீடம் திறந்திருக்க, 32 பேர் காத்து நிற்பதாகக் கொள்வோம். முதலாமவரின் கோவையைக் காணாது அலுவலர் தேடத் தொடங்கினால் பின்னால் நிற்போர் அனைவருக்கும் நேரம் கடந்துவிடும். பழுதடைந்த ஒரு சிறு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசிக்க முயலும் தட்டின் நிலையும் இதுவே. மேசைக்கணனித் தட்டுகள் சில இம்முயற்சியில் ஒரு நிமிடத்துக்கும் மேலாகச் செலவிடுவதுண்டு.

பழுதில்லாத தட்டும் இவ்வாறு தாமதிக்கலாம். 2020 ஏப்ரலில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் தனது 'ரெட்' வகையில் 2 முதல் 6 டெராபைட் வரையான சில தட்டுகள் எஸ்.எம்.ஆர். முறையிலானவை என ஒப்புக்கொண்டது. இம்முறையில் தடங்கள் கூரை ஓடுகள் போல் ஒன்றன்மேலொன்று படிந்திருப்பதால், இடைவிடாது எழுதும்போது அயலில் உள்ளவற்றையும் மீள எழுத நேர்ந்து தட்டு திணறுகின்றது.

எங்கே பார்ப்பது? தட்டு தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் 'ஸ்மார்ட்' குறிப்புகளில் 5, 197 ஆகிய இலக்கங்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தால் தட்டின் பரப்பே பழுதடைகின்றது. 199 ஏறினால் பெரும்பாலும் கேபிளில்தான் கோளாறு. பல தட்டுகள் சேர்ந்தியங்கும்போது பழைய பவர் சப்ளை தளர்வதும் உண்டு. டிரைவரைப் புதுப்பித்த மறுநாளே தொல்லை ஆரம்பமானால், அல்லது கணனி ஓய்விலிருந்து எழும் வேளைகளிலேயே அது நிகழ்ந்தால், அப்போது டிரைவரையும் மின்சேமிப்பு அமைப்பையும் சந்தேகிப்பது நியாயம்.

ஆயினும் இவை யாவும் இரண்டாவது வேலை. பள்ளிவாசலின் ஜனாஸாப் பதிவேடு, கோயிலின் உபயகாரர் பட்டியல், பாடசாலையின் பழைய படங்கள் என வேறெங்கும் இல்லாதவை ஒரே தட்டில் கிடக்கும் நிலையங்கள் நம்மிடையே ஏராளம். அவற்றை முதலில் வெளியே எடுக்க வேண்டும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. பிரதி செய்தலும் தட்டுக்கு ஒரு பெருஞ்சுமையே. முழுவதையும் ஒரே மூச்சில் இழுக்க முற்பட்டால் தள்ளாடும் தட்டு நடுவழியில் விழுந்துவிடலாம். ஈடுசெய்ய முடியாதவற்றை முதலில், சிறு பகுதிகளாக, ஏனைய மென்பொருள்களை மூடிவிட்டு எடுப்பதே உசிதம். தட்டு முழுவதையும் துருவும் பரிசோதனைகளை அதன்பின் வைத்துக்கொள்ளலாம். விண்டோஸை மீள நிறுவுவதோ அதே தட்டின்மீது பெருமளவில் எழுதும் வேலை. மீட்கக்கூடியதையும் அது அழித்துவிடக்கூடும்.

எமது அலுவலகத்துப் பக்க வடிவமைப்புக் கணனியொன்றிலும் விண்டோஸ் இருமுறை மீள நிறுவப்பட்டது. பின்னர்தான் ஒருவர் 199 ஆம் இலக்கத்தைக் கவனித்தார். மாற்றப்பட்டது ஒரு கேபிள் மாத்திரமே. அந்த எண்ணிக்கை ஒருபோதும் குறைவதில்லை. மாற்றிய பின்னர் அது ஏறாதிருக்கின்றதா என்பதையே பார்க்க வேண்டும். ஏறவில்லை.