தாத்தாவின் தோட்டம், எந்நேரத்து வெளிச்சம்? மைன்கிராஃப்ட் படங்களுக்கு ஒளி அமைக்கும் முறை



மெர்லிமாவ் வட்டாரத்தில் இன்று எந்தப் பக்கம் போனாலும் செம்பனைதான் கண்ணில் படுகிறது. ஒரு காலத்தில் பால்மரம் நின்ற நிரைகளையும் லயத்து வீடுகளையும் நம் மாணவர்கள் பார்த்ததில்லை. ஆகவே ‘எங்கள் தோட்டம்’ போன்ற கட்டுரைப் பாடத்துக்கு அவற்றை மைன்கிராஃப்ட் கல்விப் பதிப்பில் கட்டச் சொல்லி, கேமராவால் படமெடுக்கச் செய்வது நல்ல முயற்சி. பிள்ளைகளும் ஆர்வமாகச் செய்வார்கள்.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. படமெல்லாம் பட்டப்பகலாக வரும்! பளிச்சென்ற நீல வானத்தின் கீழே ஒருவர் பால்மரம் வெட்டிக்கொண்டிருப்பார். அந்தப் படத்தைத் தாத்தாவிடம் காட்டிப் பாருங்கள். “அந்நேரத்துல ஏதுப்பா இவ்வளவு வெளிச்சம்? நாங்க இருட்டுலதானே வெட்டுனோம்” என்பார். மரம், வீடு, கோயில் எல்லாம் சரியாக இருந்தும் வெளிச்சம் தவறினால் அந்தப் படம் வேறொரு வாழ்க்கையைக் காட்டிவிடும். இதைச் சரிசெய்வது எப்படி என்று பார்ப்போம்.

முதலில் பெரியவரிடம் கேளுங்கள்

ஒளி அமைப்பு கணினியில் தொடங்குவதில்லை, வீட்டில் தொடங்குகிறது. மாணவர் மூன்று கேள்விகளோடு போகட்டும்:

1. பெரட்டுக்கு எத்தனை மணிக்குப் போவீர்கள்?
2. அப்போது எதிரே நிற்பவர் முகம் தெரியுமா?
3. கையிலோ தலையிலோ என்ன விளக்கு இருக்கும்?

இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். காரணம், கடிகாரம் மாறிவிட்டது. தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை 1982 ஜனவரி 1 முதல் அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். இன்று மெர்லிமாவில் சூரியன் ஏறத்தாழ காலை 6.50க்கும் 7.20க்கும் இடையில் உதிக்கிறது. பழைய கணக்கில் அது 6.20 முதல் 6.50 வரை. அதாவது 1970களில் வேலை செய்த பாட்டி “ஆறு மணி” என்றால், அது இன்றைய ஆறரை மணி வெளிச்சம். மணியை மட்டும் குறித்துக்கொண்டு வந்தால் வானம் தப்பாகிவிடும். “சூரியன் வர எவ்வளவு நேரம் இருக்கும்?” என்று கேட்டால் குழப்பமே இல்லை.

அப்புறம் நேரத்தை அமையுங்கள்

மைன்கிராஃப்டில் ஒரு முழு நாள் 20 நிமிடத்தில் ஓடிவிடும். அங்கே ஒரு மணி நேரம் என்பது நமக்கு 50 விநாடிதான். மாணவர் கேமராவைச் சரிசெய்வதற்குள் விடிந்துவிடும். எனவே முதல் வேலை, சூரியனை நிறுத்துவது.

உலகத்தின் அமைப்புகளில் ‘சீட்ஸ்’ என்பதை ஆன் செய்தால்தான் கட்டளைகள் வேலை செய்யும். கட்டளைகளை இங்கே ஒலிப்பில் தருகிறோம். அரட்டைப் பெட்டியில் முதலில் சாய்கோடு போட்டு, ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யுங்கள்.

- சூரியனை நிறுத்த: கேம்ரூல் – டூடேலைட்சைக்கிள் – ஃபால்ஸ். நடுவிலுள்ளதை இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாக எழுத வேண்டும்.
- நேரத்தை அமைக்க: டைம் – செட் – எண்.

ஒரு நாளுக்கு 24,000 எண்கள். தோட்ட வாழ்க்கைக்கு ஏறத்தாழ இப்படி வைத்துக்கொள்ளலாம்:

- 22000: இன்னும் இருட்டு. பெரட்டு, மரத்துக்குப் போகும் நேரம்.
- 22500: வானம் மெல்ல வெளுக்கும். முகம் மங்கலாகத் தெரியும்.
- 23000: கிழக்கு சிவக்கும்.
- 1000: வெயில் வந்துவிட்டது. பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் நேரம்.
- 6000: உச்சி.
- 12000: பொழுது சாயும். லயத்து வாசலில் பேச்சு.
- 13000: இரவு.

எண்ணைப் போட்டபின் திரையைக் கண்ணால் பாருங்கள். பெரியவர் சொன்னதோடு ஒத்துவரும்வரை 100, 200 என்று கூட்டிக் குறையுங்கள்.

இதில் நமக்கு ஒரு வசதியும் இருக்கிறது. மைன்கிராஃப்டில் சூரியன் நேர் கிழக்கில் எழுந்து, தலைக்கு மேலே போய், நேர் மேற்கில் இறங்கும். குளிர்நாடுகளில் அப்படி நடக்காது. மெர்லிமாவோ நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ இரண்டு பாகை வடக்கே இருக்கிறது. மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் சூரியன் நம் தலைக்கு மேல்தான். அந்த வானம் நமக்குப் பொருந்தும்!

மழையிலே மரம் வெட்டக் கூடாது

வெதர் – கிளியர், வெதர் – ரெயின் என்று வானிலையையும் மாற்றலாம். ‘பெர்ஃபெக்ட் வெதர்’ ஆன் ஆகி இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் மழை வராது.

பிள்ளைகளுக்கு மழை பிடிக்கும். மரம் வெட்டும் காட்சியில் மழையைக் கொட்டவிடுவார்கள். அது பிழை. பட்டை நனைந்தால் பால் கோட்டைவிட்டு வழிந்து வீணாகும், மங்கில் தண்ணீர் சேரும். அதனால் மழை பெய்தால் வெட்டு இருக்காது. வெட்டு இல்லாத நாளைப் பற்றி, அன்றைய சம்பளத்தைப் பற்றி, பெரியவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கும். மழைப் படம் வேண்டுமானால் லயத்து வாசலில் எடுக்கச் சொல்லுங்கள்.

இருட்டில் வெட்டியதற்கும் காரணம் உண்டு. வெயில் ஏறினால் இலைவழியே நீர் ஆவியாகி மரத்தின் உள்ளழுத்தம் குறையும், பால் ஓட்டமும் குறையும். விடியற்காலையில்தான் பால் நன்றாக இறங்கும். ஓர் ஒளி அமைப்பை விளக்கப் போய் அறிவியல் பாடமும் நடந்துவிடுகிறது பாருங்கள்.

விளக்கை மறைத்து வையுங்கள்

22000 என்று வைத்ததும் படம் கறுப்பாகத் தெரியும். உடனே திரையின் ‘பிரைட்னஸ்’ அளவை ஏற்றிவிடாதீர்கள், இருட்டே போய்விடும். விளக்கு வையுங்கள்.

மைன்கிராஃப்டில் வெளிச்சம் 0 முதல் 15 வரை. லாந்தர் 15, சாதாரணத் தீப்பந்தம் 14, சோல் தீப்பந்தம் 10, ரெட்ஸ்டோன் தீப்பந்தம் 7. விளக்கிலிருந்து ஒவ்வொரு கட்டம் தள்ளிப் போகும்போதும் ஒன்று குறையும். பால்வெட்டுக்காரரின் தலைவிளக்குக்கு, கேமராவுக்குத் தெரியாதபடி மரத்துக்குப் பின்னால் அல்லது பக்கத்தில் ரெட்ஸ்டோன் தீப்பந்தம் ஒன்று போதும். நாலு கட்டம் தள்ளியிருக்கும் மரம் மங்கி நிற்கும். நிரையின் மறுகோடி தெரியவே தெரியாது. அதுதான் உண்மை. லயத்து வீட்டுக்குள் ஒரே ஒரு தீப்பந்தம் வைத்தால் மண்ணெண்ணெய் விளக்கின் உணர்வு வரும். வீடு முழுக்க விளக்கை அடுக்கினால் இன்றைய வீடாகிவிடும்.

விடியல் சிவப்பு சூரியன் இருக்கும் பக்கத்தில் மட்டும்தான் தெரியும். அது படத்தில் வேண்டுமானால் கேமரா கிழக்கு நோக்கி இருக்க வேண்டும்.

படத்துக்குக் கீழே எழுதுங்கள்

எடுத்த படங்கள் ‘போர்ட்ஃபோலியோ’வில் சேரும். ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதலாம். குறிப்பில் மூன்று செய்திகள் இருக்கட்டும்: யார் சொன்னது (பாட்டி, தாத்தா என்ற உறவு போதும், பெயர் வேண்டாம்), எந்த நேரம், இது மாணவரின் மீளுருவாக்கம் என்ற தெளிவு. பழைய நிழற்படம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

நம் வீடுகளில் உள்ள பழைய படங்களை எடுத்துப் பாருங்கள். கல்யாணம், திருவிழா, ஸ்டூடியோவில் நின்றது, இவைதான் அதிகம். விடியாத பொழுதில் மங்கோடும் கத்தியோடும் நடந்தவரை யார் படமெடுத்தார்கள்? அந்த நேரத்தைச் சொல்லக்கூடியவர்கள் வயதாகி இருக்கிறார்கள். ஆகவே இந்தப் பாடத்தைத் தள்ளிப்போடாமல் இந்தத் தவணையிலேயே செய்துவிடுங்கள்.

படம் முடிந்ததும் மாணவர் அதைப் பெரியவரிடம் மீண்டும் கொண்டுபோய்க் காட்டட்டும். “இன்னும் கொஞ்சம் இருட்டா இருக்கணும்” என்று அவர் சொன்னால், எண்ணை மாற்றி மறுபடி எடுக்க வேண்டியதுதான். “ஆமா, இப்படித்தான் இருந்துச்சு” என்று சொன்னால், அந்தப் பாடத்துக்கு வேறு மதிப்பெண் தேவையில்லை.