டோக்கன் கூப்பிடும் அலைவரிசை

வங்கியில் ஐந்து கவுண்ட்டர்கள். பணம் கட்ட ஒன்று, எடுக்க ஒன்று, நகைக்கடனுக்கு ஒன்று என்று பிரித்து வைத்தால் ஒரு கவுண்ட்டரில் வரிசை வாசல் வரை நீளும். பக்கத்துக் கவுண்ட்டர்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார். டோக்கன் முறை வந்தது இதனால்தான். யார் எதற்கு வந்தாலும் ஒரே வரிசை, எது காலியோ அங்கே போகலாம். பலகையில் ‘டோக்கன் 47, கவுண்ட்டர் 3’ என்று சிவப்பு எழுத்து மின்னும். 47ஆம் எண்காரர் எழுந்து போவார். மற்றவர்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

அமெரிக்க நகரங்கள் பலவற்றில் தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், போலீஸ், பள்ளிப் பேருந்து, குப்பை லாரி எல்லாம் வாக்கி-டாக்கியில் பேசிக்கொள்வது இந்த முறையில்தான். ட்ரங்கிங் என்று பெயர். குழுவுக்கு ஓர் அதிர்வெண் என்று கொடுத்தால் அலைக்கற்றை போதாது; கொடுத்த அதிர்வெண்ணும் நாளின் பெரும்பகுதி சும்மா கிடக்கும். ஆகவே சில அதிர்வெண்களைப் பொதுவில் போட்டுவிட்டு, எல்லாக் குழுக்களையும் பகிர்ந்துகொள்ள விடுகிறார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் எண் உண்டு, அது டாக்குரூப். தீயணைப்பு வீரர் பொத்தானை அழுத்தியதும் அமைப்பின் கணினி எது காலி என்று பார்த்து, இன்ன குழு இன்ன அதிர்வெண்ணுக்குப் போகட்டும் என்று உத்தரவு போடும். அந்தக் குழுவின் கருவிகள் அத்தனையும் ஒரே நொடியில் அங்கே தாவும். பதில் சொல்ல இன்னொருவர் பொத்தானை அழுத்தும்போது வேறு அதிர்வெண் கிடைத்திருக்கலாம்.

இந்த உத்தரவுகள் போவதற்கென்றே ஓர் அதிர்வெண் ஒதுக்கப்பட்டிருக்கும். அதுதான் கன்ட்ரோல் சேனல். அதில் மனிதக் குரலே இருக்காது, இரவு பகலாக எண்கள்தான் ஓடும். வங்கியின் சிவப்புப் பலகை இதுதான். வீட்டுக் கணினியில் இந்தப் பேச்சைக் கேட்க விரும்புகிறவர் முதலில் பிடிக்க வேண்டியது இந்தப் பலகையை. அது கைக்கு வந்துவிட்டால் குரல் தானாக வந்து சேரும்.

பழைய ஸ்கேனர்கள் தோற்றது இங்கேதான். அவை அதிர்வெண்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கும். ‘மூன்றாவது மாடியில் புகை’ என்று ஒரு குரல் கேட்கும். அடுத்த நொடி அதே இடத்தில் குப்பை லாரி ஓட்டுநர் பேசுவார். உத்தரவைப் பின்தொடர்ந்து தாவும் ஸ்கேனரை யூனிடன் நிறுவனம் 1997இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னர் குரலும் டிஜிட்டலாக மாறியது. அமெரிக்கப் பொதுப் பாதுகாப்புத் துறைகளில் இன்று பரவலாக இருக்கும் டிஜிட்டல் தரத்துக்கு பி25 என்று பெயர். அதற்கான திட்டம் தொடங்கிய ஆண்டு 1989. டிஜிட்டல் ட்ரங்கிங்கைப் பின்தொடரும் ஸ்கேனர்கள் இன்றும் விலை கூடியவை. அந்த வேலையைச் சில ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள ஒரு டாங்கிளும் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் கணினியும் செய்யும்.

அந்த டாங்கிள் பிறந்தது டிவி பார்க்க. உள்ளே ரியல்டெக் நிறுவனத்தின் ஆர்டிஎல்2832யு சிப் இருக்கும். டிவி படத்தைத் தயாரிக்காமல், ஆன்டெனாவில் வருவதை அப்படியே எண்களாக்கிக் கணினிக்கு அனுப்பவும் இதனால் முடியும் என்பதை ஆர்வலர்கள் கண்டுகொண்டார்கள். 2012 வாக்கில் அதற்கான மென்பொருளும் பரவிவிட்டது. வானொலியின் வேலையை மென்பொருள் ஏற்றுக்கொள்ளும் இந்த முறைதான் எஸ்டிஆர்.

டாங்கிள் ஒரே நேரத்தில் சுமார் 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைப் பார்க்கும், ஒரு ஜன்னல் மாதிரி. உங்கள் ஊர்க் கோபுரத்தின் அதிர்வெண்கள் 851இலிருந்து 853 மெகாஹெர்ட்ஸுக்குள் அடங்கினால் ஒரு டாங்கிள் போதும். 851இல் தொடங்கி 859 வரை சிதறிக் கிடந்தால் ஒன்றுக்கு மேல் தேவைப்படும். வாங்குவதற்கு முன் இந்தக் கணக்கைப் போடுங்கள். அதிர்வெண்களும் டாக்குரூப் எண்களும் ரேடியோரெஃபரன்ஸ் தரவுத்தளத்தில் ஊர்வாரியாகக் கிடைக்கும்.

டாங்கிளைச் செருகியதும் விண்டோஸ் அதை டிவி கருவி என்று நினைத்துக்கொண்டு அதற்குரிய டிரைவரைப் போட்டுவிடும். அதை மாற்ற ஜாடிக் என்ற சிறிய இலவச நிரல் உண்டு. ‘லிஸ்ட் ஆல் டிவைசஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, பட்டியலில் ‘பல்க்-இன், இன்டர்ஃபேஸ் 0’ என்றிருப்பதற்கு வின்யுஎஸ்பி டிரைவரைப் போடுங்கள். இங்கே அவசரப்படக் கூடாது. அதே பட்டியலில் உங்கள் கீபோர்டும் மவுஸும் இருக்கும். தவறுதலாக அவற்றின் டிரைவரை மாற்றிவிட்டால் அவை வேலை செய்யாமல் போகும். லினக்ஸிலும் டிவிக்கான கெர்னல் மாட்யூல் முந்திக்கொள்ளும். அதை பிளாக்லிஸ்ட்டில் சேர்த்தால் தீர்ந்தது.

பின்தொடரும் மென்பொருள் பல உண்டு. தொடங்குபவருக்கு நான் சொல்வது எஸ்டிஆர்ட்ரங்க். இலவசம், திறந்த மூலம், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். ஜிப் கோப்பை விரித்து இயக்கினால் போதும். ஜாவாவைத் தனியாக நிறுவ வேண்டியதில்லை.

திறந்ததும் மேலிருந்து கீழே வண்ணம் வழியும் ஒரு திரை வரும். வாட்டர்ஃபால் என்பார்கள். அதை உங்கள் ஊர் அதிர்வெண்களுக்கு நகர்த்திவிட்டு, ஐந்து நிமிடம் எதையும் தொடாமல் அதையே பாருங்கள். சில இடங்களில் ஒரு கோடு திடீரென்று தோன்றும், நாலைந்து நொடி ஓடும், அறுந்துபோகும். யாரோ பேசி முடித்துவிட்டார். ஒரே ஒரு கோடு மட்டும் அறுபடாமல் இறங்கிக்கொண்டே இருக்கும். அதுதான் கன்ட்ரோல் சேனல். ரேடியோரெஃபரன்ஸ் பட்டியலில் படித்த எண்ணும் திரையில் கண்ட கோடும் ஒன்றாகப் பொருந்தும் அந்தக் கணத்தில் இந்த அமைப்பு முழுவதும் புரியத் தொடங்கிவிடும்.

இனி பிளேலிஸ்ட் எடிட்டரில் புதிய சேனல் ஒன்றைச் சேர்த்து அந்த அதிர்வெண்ணைக் கொடுங்கள். டிகோடராக பி25 ஃபேஸ் 1 என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘எங்கள் ஊர் ஃபேஸ் 2 ஆயிற்றே’ என்று பலர் இங்கே குழம்புகிறார்கள். பி25இன் அடுத்த கட்டமான ஃபேஸ் 2 அமைப்புகளிலும் கன்ட்ரோல் சேனல் பெரும்பாலும் ஃபேஸ் 1தான். குரல் மட்டும்தான் மாறும், அதை மென்பொருளே பார்த்துக்கொள்ளும். இயக்கியதும் ‘கன்ட்ரோல்’ என்ற நிலை தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அழைப்பு வரும்போது அதன் கீழே புதிய வரி முளைக்கும், பேச்சு முடிந்ததும் மறையும்.

வரிகள் வந்து போகின்றன, சத்தம் மட்டும் இல்லை. ஒரு மாலை முழுவதையும் நான் தொலைத்தது இதில்தான். ஆன்டெனாவை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், ஸ்பீக்கரைச் சோதித்தேன். குற்றம் அவற்றில் இல்லை. பி25 குரல் சுருக்கப்பட்டு வருகிறது. அதை விரிக்கும் நூலகம், காப்புரிமைச் சிக்கலால், மென்பொருளோடு சேர்ந்து வருவதில்லை. ஜேஎம்பிஇ என்ற அந்த நூலகத்தைப் பயனர் விருப்பங்கள் பகுதிக்குள் போய் நாமே உருவாக்கிக்கொள்ள வேண்டும். சில கிளிக்குகளில் முடியும் வேலை.

கன்ட்ரோல் சேனலே பிடிபடவில்லை என்றால் முதலில் டாங்கிளின் அதிர்வெண் பிழையைச் சந்தேகியுங்கள். மலிவான டாங்கிள் பத்து லட்சத்துக்கு 50 பங்கு பிசகினாலும் 850 மெகாஹெர்ட்ஸில் அது 42.5 கிலோஹெர்ட்ஸ். ஒரு சேனலின் அகலமே 12.5 கிலோஹெர்ட்ஸ் என்னும்போது, இது மூன்று வீடு தள்ளிக் கதவைத் தட்டுவதற்குச் சமம். டிசிஎக்ஸ்ஓ என்ற நிலையான ஆஸிலேட்டர் உள்ள டாங்கிளுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழியுங்கள். அதில் பிழை 1 பங்கு அளவில் நின்றுவிடும். கெயினை, அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவை, முழுதாகத் திருகுவதும் தவறு. சிக்னலோடு இரைச்சலும் ஏறும், பக்கத்துக் கோபுரங்கள் டாங்கிளைத் திணறடிக்கும். நடுவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுங்கள்.

ஆன்டெனாவுக்குப் பெரிய செலவு வேண்டாம். 855 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளம் சுமார் 8.8 சென்டிமீட்டர். டாங்கிளோடு வரும் இழுவை ஆன்டெனாவை அந்த அளவுக்கு நீட்டி, செங்குத்தாக, ஜன்னலோரம் வைத்தால் போதும்.

சிக்னல் பலமாக இருந்தும் குரல் உடைந்தால் காரணம் பெரும்பாலும் சைமல்காஸ்ட். பல கோபுரங்கள் ஒரே அதிர்வெண்ணில் ஒரே பேச்சை ஒரே நேரத்தில் ஒலிபரப்பும் முறை அது. தூரம் வேறுபடுவதால் ஒன்றன்மேல் ஒன்று சற்றுப் பிந்தி வந்து விழுந்து எண்களைக் கலைக்கும். சேனல் அமைப்பில் சி4எஃப்எம் என்றிருப்பதை எல்எஸ்எம் என்று மாற்றிப் பாருங்கள். அதுவும் போதாவிட்டால் ஒரு கோபுரத்தை மட்டும் நோக்கும் யாகி ஆன்டெனா உதவும்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. பொதுமக்கள் கேட்கக்கூடிய நிலையில் இருக்கும் தீயணைப்பு, போலீஸ் பேச்சைக் கேட்பதை அமெரிக்காவின் 1986ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிக்கிறது. நியூயார்க், ஃபுளோரிடா போன்ற மாநிலங்களில் போலீஸ் அலைவரிசையைக் கேட்கும் கருவியை வண்டியில் வைத்திருப்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. ‘என்கிரிப்டட்’ என்று வரும் அழைப்பு நமக்கானதல்ல. அதை உடைக்க வழி தேடாதீர்கள். தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்கள் இதை அப்படியே இங்கே செய்து பார்க்க வேண்டாம். உரிமமின்றி வானொலிக் கருவி வைத்திருப்பதையே 1933ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. அதற்குப் பதிலாக இயற்றப்பட்ட 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டமும் அனுமதி கேட்கிறது, பிறர் தகவலைச் சட்டத்துக்குப் புறம்பாக இடைமறிப்பதைக் குற்றமாக்குகிறது.

ஒரு வேண்டுகோளும் உண்டு. ஆம்புலன்ஸ் அழைப்பில் வீட்டு எண், நோயாளியின் வயது, என்ன ஆயிற்று என்பதெல்லாம் வந்து விழும். எஸ்டிஆர்ட்ரங்கில் ஒவ்வொரு டாக்குரூப்புக்கும் பெயர் சூட்டும்போதே, அதைப் பதிவு செய்யலாமா, இணையத்தில் ஸ்ட்ரீம் செய்யலாமா என்று தனித்தனியாகக் குறிக்கலாம். ஆம்புலன்ஸ் குழுக்களுக்கு நேரே அந்த இரண்டையும் அணைத்து வையுங்கள்.