டிங்கரிங் முடிந்த பிறகும் நடுங்கும் கை

பெரிய விபத்தில் சிக்கிய கார் வொர்க்‌ஷாப்புக்குப் போனால் எல்லாவற்றுக்கும் ஓர் எஸ்டிமேட் வந்துவிடும். பம்பர், பானெட், ரேடியேட்டர், ஹெட்லைட், டிங்கரிங், பெயிண்டிங் என்று இன்சூரன்ஸ் சர்வேயர் வரிவரியாகக் குறித்துக்கொள்வார். சில வாரங்களில் வண்டி பளபளவென்று வாசலில் வந்து நிற்கும். சாவியை வாங்கியவர் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்த பிறகுதான் பட்டியலில் விடுபட்டுப்போன ஒன்று தெரியவரும். உள்ளங்கை வியர்க்கும். எதிரே வரும் லாரி அதன் பாதையில்தான் வருகிறது என்று கண்ணுக்குத் தெரிந்தாலும் கால் பிரேக்கைத் தேடும்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் நாட்டில் 4,61,312 விபத்துகள் நடந்தன. 1,68,491 பேர் இறந்தனர். 4,43,366 பேர் காயமடைந்தனர். விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 என்ற கணக்கோடு தமிழ்நாடு முதலிடத்தில் இருந்தது. ஒரு கீறல்கூட இல்லாமல் இறங்கி வந்து, அதன்பிறகு காரில் ஏறவே தயங்குபவர்கள் இந்தக் கணக்குக்குள் வருவதில்லை.

அமெரிக்காவின் ஆல்பனி நகரில் உளவியலாளர்கள் எட்வர்ட் பிளான்சார்டும் எட்வர்ட் ஹிக்லிங்கும் 1990-களில் விபத்து மனதில் விட்டுச்செல்லும் பாதிப்பை ஆராய்ந்தார்கள். வாகன விபத்துக்குப் பிறகு மருத்துவ உதவி நாடிய 158 பேரைப் பரிசோதித்ததில், சுமார் 39 சதவீதம் பேருக்கு ‘பி.டி.எஸ்.டி.’ எனப்படும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய் இருந்தது தெரியவந்தது. போர்முனையிலிருந்து திரும்பிய சிப்பாய்களோடு பெரும்பாலும் சேர்த்துப் பேசப்பட்ட நோய், அலுவலகத்துக்குக் கார் ஓட்டிப் போனவர்களிடமும் இருந்தது.

பயம் எங்கே குடியிருக்கிறது?

மோதல் நடக்கும் நொடியில் மூளையின் அமிக்டலா என்ற சிறு பகுதி சுற்றியுள்ள எல்லாவற்றையும் ஆபத்தின் அடையாளங்களாகப் பதிந்துகொள்கிறது. டயர் தேயும் சத்தம், எதிர்வண்டியின் ஹை-பீம், அப்போது தூறிக்கொண்டிருந்த மழை என்று எதுவும் அதில் சேரலாம். பிறகு அவற்றில் ஒன்று எதிர்ப்பட்டாலும், யோசிக்கும் மூளை நிதானிப்பதற்குள் உடம்பு தயாராகிவிடும். இதயம் படபடக்கும், தசைகள் இறுகும், மூச்சு மேலோட்டமாகும். சாம்பிராணிப் புகைக்கெல்லாம் அலறும் ஃபயர் அலாரம் போல அது ஆகிவிடுகிறது.

பழுது பார்த்த அதே காரை ஓட்டுபவருக்கு இந்த அடையாளங்கள் வண்டிக்குள்ளேயே இருக்கின்றன. ஏர்பேக் விரிந்த வண்டியில் வெள்ளைப் பொடியும் கருகிய வாடையும் நிறைந்திருக்கும். எத்தனை முறை வேக்யூம் போட்டாலும் சீட் இடுக்கிலும் ஏ.சி. வென்ட்டிலும் கண்ணாடித் துணுக்கு ஒன்றிரண்டு தங்கிவிடும். பல மாதம் கழித்து, கீழே விழுந்த டோல் ரசீதை எடுக்க சீட்டுக்கு அடியில் கையை விட்டால் விரலில் நெருடும். அன்றைய தினம் முழுவதுமாகத் திரும்பி வர அது போதும்.

அடுத்து நடப்பதுதான் பயத்தை வளர்க்கிறது. “இன்னிக்கு வேணாம், பஸ்ல போயிடலாம்” என்று முடிவெடுத்ததும் நெஞ்சு லேசாகிறது. அந்த நிம்மதியை மூளை பரிசாக எடுத்துக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் சீக்கிரமாக ‘வேண்டாம்’ என்கிறது. முதலில் நெடுஞ்சாலை விலக்கப்படும், பிறகு இரவு, பிறகு மழை, கடைசியில் சாவியே கொக்கியில் தொங்கிவிடும். ஒன்றும் ஆகாமல் போய்த் திரும்பிய பயணம் ஒன்றுகூட இல்லாததால், பழைய பதிவைத் திருத்த மூளைக்கு எதுவும் கிடைப்பதில்லை.

முதல் ஒரு மாதம்

விபத்து முடிந்த நாட்களில் தூக்கம் கெடுவது, காட்சி திரும்பத் திரும்ப வருவது, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப்போடுவது எல்லாம் இயல்பானவை. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே குறையும். அதனால்தான் ஒரு மாதம் கடந்தும் இந்த அறிகுறிகள் நீடித்தால் மட்டுமே மருத்துவர்கள் பி.டி.எஸ்.டி. என்று பெயரிடுகிறார்கள்.

இந்தக் காலத்தில் நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் சில காரியங்கள் கெடுதலில் முடியும். நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லவைத்தால் மனப்பாரம் இறங்கும் என்று நம்பப்பட்ட காலம் ஒன்று இருந்தது. பிரிட்டனின் ஆக்ஸ்போர்டில் விபத்தில் அடிபட்டு மருத்துவமனைக்கு வந்தவர்களில் ஒரு பகுதியினரிடம் விபத்தை விரிவாகப் பேசவைத்துப் பார்த்தார்கள். ரிச்சர்ட் மேயூவும் உடன் பணியாற்றியவர்களும் 2000-ல் வெளியிட்ட மூன்றாண்டு முடிவுகளின்படி, தொடக்கத்திலேயே அதிகம் கலங்கியிருந்தவர்களில் அப்படிப் பேசவைக்கப்பட்டவர்கள், சும்மா விடப்பட்டவர்களைவிட மோசமான நிலையில் இருந்தார்கள். நலம் விசாரிக்க வரும் ஒவ்வொரு உறவினரும் “எப்படி ஆச்சு? எந்தப் பக்கம் இடிச்சான்?” என்று முதலிலிருந்து கேட்பதை வீட்டார் தடுப்பது நல்லது. அவராகச் சொல்ல விரும்பினால் காதுகொடுத்துக் கேட்கலாம்.

தூக்க மாத்திரையிலும் கவனம் தேவை. அதிர்ச்சிச் சம்பவத்தை அடுத்த முதல் மாதத்தில் அல்பிரசோலாம், டயஸிபாம் போன்ற பென்சோடயஸிபைன் வகை மாத்திரைகளை இதற்காகக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013-ல் வழிகாட்டியது. வீட்டில் வேறு யாருக்கோ எழுதிக்கொடுத்த மாத்திரையில் பாதியை உடைத்துப் போட்டுக்கொள்வது அதைவிட ஆபத்து. இரவு நன்றாகத் தூங்க வைக்கிறதென்று கொஞ்சம் குடிப்பதும் தூக்கத்தின் தரத்தைக் கெடுக்கும்.

முதலில் வண்டி, பிறகு மனசு

பயந்தவரின் மனதில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். வண்டியை நம்பலாமா? என்னை நம்பலாமா? முதல் கேள்விக்குப் பதில் சொல்லக் கருவிகள் இருக்கின்றன. அதை முடிக்காமல் இரண்டாவதைத் தொட்டால், நியாயமான சந்தேகம் எது, வெறும் படபடப்பு எது என்றே பிரித்தறிய முடியாது.

பழுதுச் செலவு வண்டியின் காப்பீட்டு மதிப்பான ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்சூரன்ஸ் வழக்கத்தில் அது டோட்டல் லாஸ். அந்த எல்லைக்குள் இருந்ததால்தான் கார் திரும்பி வந்திருக்கிறது. ஆனால் இது பணக்கணக்கு. வண்டி சரியாக நிற்கும், திரும்பும் என்பதற்கு அத்தாட்சி ஆகாது. டெலிவரி எடுக்கும்போது வீல் அலைன்மென்ட் அளவுத்தாளையும், மாற்றிய பாகங்களின் பில்லையும் கேட்டு வாங்க வேண்டும். சேஸிஸ் நேராக்கப்பட்டிருந்தால் அதன் அளவுகளும் வேண்டும். முன்கண்ணாடியில் கேமரா உள்ள புதிய மாடல்களில் கண்ணாடி மாற்றினால் கேமராவை மறுபடி அளவமைக்க வேண்டும்.

ஓட்டுநர் தானே பார்த்துவிடக்கூடியதும் ஒன்று உண்டு. சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு சில விநாடி எரிந்து அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் கோளாறு. எரியவே இல்லையென்றால் இன்னும் சந்தேகப்பட வேண்டும். விரிந்துபோன ஏர்பேக்கை மாற்றாமல் விளக்கின் இணைப்பை மட்டும் துண்டித்திருக்கக்கூடும். சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கு இழுத்து நெளிவோ பிரிந்த நூலோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் அது பூட்டிக்கொள்ள வேண்டும். பெல்ட்டைச் சுண்டி இறுக்கும் பிரிடென்ஷனர் ஒருமுறை வேலை செய்துவிட்டால் புதிதாகத்தான் மாற்ற வேண்டும். மோதலின்போது வண்டியில் இருந்த குழந்தை இருக்கையும் அப்படித்தான்.

முடிந்தால் பழுது பார்த்த இடத்தோடு தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கிடம் ஒரு முறை காட்டி, காகிதங்களை ஃபைலில் போட்டுவிட வேண்டும். அதன்பிறகு தினமும் காலையில் குனிந்து டயரைப் பார்ப்பது, நான்கு முறை பிரேக்கை மிதித்துப் பார்ப்பது எல்லாம் பயத்துக்குத் தீனி போடும் சடங்குகள்.

“இந்த வண்டி ராசியில்லாதது, வித்துடு” என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. விற்பதும் வைத்துக்கொள்வதும் வசதியைப் பொறுத்த முடிவு. ஆனால் பயம் சாலையோடும் சத்தத்தோடும் ஒட்டியிருக்கிறது. புது வண்டியிலும் அதுவே பக்கத்தில் வந்து உட்காரும்.

மோன்சாவில் நிக்கி லாடா

1976 ஆகஸ்ட் 1 அன்று ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத்தில் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் நிக்கி லாடாவின் ஃபெராரி விபத்தில் சிக்கித் தீப்பிடித்தது. முகமும் தலையும் கருகி, நச்சுப்புகையால் நுரையீரல் கெட்டு, பிழைப்பாரா என்ற நிலையில் கிடந்தார். ஆறு வாரத்தில் இத்தாலியின் மோன்சா பந்தயத்தில் தலைக்கட்டோடு வந்து நான்காவதாக முடித்தார். உலகம் அதை வீரக் கதையாகக் கொண்டாடியது. பயத்தை வென்றுவிட்டதாக அவரும் அப்போது சொல்லிக்கொண்டார்.

பின்னாளில் தன் சுயசரிதையில் உண்மையை உடைத்தார்: மோன்சாவில் முதல் நாள் பயிற்சியில் பயத்தில் விறைத்துப்போயிருந்தார். பழைய வேகத்தை உடனே எட்டிப்பிடிக்கப் பார்த்ததுதான் கோளாறு என்று புரிந்ததும், மறுநாள் மெதுவாகத் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். தகுதிச் சுற்றில் ஃபெராரி ஓட்டுநர்களில் அவரே முன்னால் நின்றார். அதே ஆண்டு அக்டோபரில் ஜப்பானின் ஃபூஜியில் கொட்டும் மழையில் இரண்டு சுற்றோடு வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். ஒரே ஒரு புள்ளியில் உலகப் பட்டம் போட்டியாளர் ஜேம்ஸ் ஹன்ட்டுக்குப் போனது. 1977-ல் அந்தப் பட்டத்தை லாடா திரும்பப் பெற்றார்.

மெதுவாகத் தொடங்கியதும், நிஜமாகவே ஆபத்தான நாளில் ஓட்ட மறுத்ததும் ஒரே ஓட்டுநர்தான்.

படிப்படியாக ஏறுவது

லாடா செய்ததை மனநலச் சிகிச்சையில் ஒழுங்குபடுத்தி வைத்திருக்கிறார்கள். பயம் தரும் சூழ்நிலைகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை மதிப்பெண் போட்டு, குறைந்ததிலிருந்து தொடங்குவார்கள். இந்த மதிப்பெண் முறை ஜோசப் வோல்பி என்ற மனநல மருத்துவர் கொண்டுவந்தது.

நிறுத்திய காரில் எஞ்சின் போடாமல் உட்கார்ந்திருப்பது முதல் படியாக இருக்கலாம். அடுத்து எஞ்சினை ஓடவிட்டு உட்காருவது, தெருவை ஒரு சுற்றுச் சுற்றுவது, ஞாயிறு அதிகாலை காலிச் சாலையில் ஓட்டுவது, பட்டப்பகலில் நெடுஞ்சாலையில் ஒரு டோல்கேட் தூரம் போய்த் திரும்புவது. விபத்து நடந்த இடம் மேல்படிகளில் வரும். தருமபுரி மாவட்டத்தின் தொப்பூர் கணவாய் போன்ற இறக்கத்தில் லாரி இடித்தவர் என்றால், முதலில் வேறொருவர் ஓட்ட அந்த வழியே போய்வந்துவிட்டு, பிறகு தானே ஓட்டலாம். இரவும் மழையும் கடைசிப் படிகள்.

ஒரு படியில் கை நடுங்கியதும் பாதியில் திரும்பிவிட்டால், தப்பித்ததுதான் மூளையில் பதியும். படபடப்பு ஏறி, நின்று, தானாக இறங்கும்வரை அந்தப் படியிலேயே இருக்க வேண்டும். வாரத்துக்கு ஒருநாள் நீண்ட பயணம் போவதைவிட அடிக்கடி குறுகிய பயணம் போவது பலன் தரும். மிகவும் தயங்குபவர்கள் டிரைவிங் ஸ்கூல் காரில் சில வகுப்புகள் எடுக்கலாம். பயிற்சியாளர் பக்கமும் பிரேக் இருப்பதால் தொடக்கத்தில் துணையாக இருக்கும்.

தலையில் அடிபட்டவர்களும், கழுத்தைத் திருப்ப முடியாமல் வலியுள்ளவர்களும், டிரமடால், பிரீகாபலின் போன்ற மயக்கம் தரும் மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவர் சொன்ன பிறகுதான் ஸ்டியரிங்கைத் தொட வேண்டும்.

ஓடும்போது படபடத்தால்

நடுச்சாலையில் சட்டென்று நிறுத்தக் கூடாது. இண்டிகேட்டர் போட்டு, வேகத்தைக் குறைத்து, இடப்பக்கம் பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி, ஹேண்ட்பிரேக் போட்டுவிட்டு ஹஸார்டு விளக்கைப் போடலாம். மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும். எதிரே தெரியும் கடைப் பலகையை வாய்விட்டுப் படிப்பதும், ஸ்டியரிங்கின் தையலை விரலால் தடவிப் பார்ப்பதும் கவனத்தை இந்த நிமிடத்துக்குக் கொண்டுவரும். இப்படிப்பட்ட படபடப்பு பெரும்பாலும் சில நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்கத் தொடங்கும். இறங்கியதும், திரும்பிப் போகாமல் கொஞ்ச தூரமாவது முன்னே ஓட்டுவது நல்லது. நெஞ்சை அழுத்தும் வலி, தோள்பட்டைக்குப் பரவும் வலி, மயக்கம் என்றால் பயம் என்று தள்ளிவிடாமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

பக்கத்து சீட்டில் இருப்பவருக்கும் இந்தப் பயம் வரும். ஓட்டியவரைவிட அவருக்கே அதிகமாகவும் இருக்கலாம். பிரேக்கும் ஸ்டியரிங்கும் அவர் கையில் இல்லையே. இல்லாத பிரேக்கை மிதிப்பது, கைப்பிடியைத் தொங்கிப் பிடிப்பது, “பாத்து, பாத்து” என்று கத்துவது இதன் வெளிப்பாடுகள். அந்தக் கத்தல் ஓட்டுபவரின் படபடப்பையும் ஏற்றும். எது சொல்லலாம், எது வேண்டாம் என்று கிளம்புவதற்கு முன்பே இருவரும் பேசிவைத்துக்கொள்வது உதவும்.

எப்போது உதவி தேட வேண்டும்?

ஒரு மாதம் தாண்டியும் விபத்து கனவிலும் நினைவிலும் துரத்தினால், வேலையை விடும் அளவுக்குப் பயணத்தைத் தவிர்த்தால், எரிச்சலும் விரக்தியும் கூடினால், குடி அதிகமானால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கும், கண்ணசைவைப் பயன்படுத்தும் ஈ.எம்.டி.ஆர். முறைக்கும் பலன் உண்டு என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது.

தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சையை இலவசமாகத் தருகிறது. வாரங்கள் கழித்து வெளிப்படும் மனப்பாதிப்புக்கு வேறு கதவைத் தட்ட வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இயங்குகிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ல் இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம். மனநோய்ச் சிகிச்சையையும் உடல்நோய்ச் சிகிச்சைக்குச் சமமாக மருத்துவக் காப்பீட்டில் சேர்க்க வேண்டும் என்று 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. காரின் பாலிசியை எடுத்துப் பார்த்தவர்கள் தங்கள் மெடிக்ளெய்ம் பாலிசியில் வெளிநோயாளி ஆலோசனைக் கட்டணம் அடங்குமா என்பதையும் ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்ளலாம்.