பாட்டி வீட்டு ஊறுகாய் ஜாடியை காப்பி அடிப்பது எப்படி?

இன்னைக்கு நாம பேசப்போறது ஜாடி. மேல் பாதி பழுப்பு, கீழ்ப் பாதி வெள்ளை, அந்த பீங்கான் ஊறுகாய் ஜாடியேதான். தேனி, சின்னமனூர், கம்பம் பக்கம் பழைய வீடுகளோட பரண்ல தேடினா ஒண்ணாவது கிடைக்கும். மலையேறி குமுளிக்குப் போயிட்டா அதுக்குப் பேர் பரணி.

இப்போ அது ஷோபீஸ் ஆயிடுச்சு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடைகள்ல அதைத் தேடி வாங்குறாங்க. அதே லுக்குல புதுசா செஞ்சும் விக்கிறாங்க. அலமாரியில வைக்க எதுவா இருந்தாலும் ஓகே. ஆனா உள்ளே ஊறுகாய் போடணும்னா லுக் மட்டும் போதாது.

முதல்ல, ஏன் ஜாடி? புளியைக் கொட்டை எடுத்து, கல் உப்பு போட்டு, அடைச்சு, வாய்ல துணியால வேடு கட்டி வைப்பாங்க. (பெரியகுளத்துல இருந்து வந்த பி.கே.எம். 1 முருங்கை எல்லாருக்கும் தெரியும். அதே பேர்ல புளியிலயும் ஒரு ரகம் இருக்கு!) புளிப்பும் உப்பும் சேர்ந்தா அலுமினியத்தை அரிக்கும். எவர்சில்வர்லயே உப்பு நாள்பட நின்னா புள்ளி புள்ளியா அரிப்பு விழும். பிளாஸ்டிக் வாசனையைப் பிடிச்சுக்கும். நல்ல ஜாடி மட்டும் சும்மா இருக்கும்.

அது சும்மா இருக்கிறதுக்குக் காரணம் சூடு. இந்த வகைக் களிமண்ணை சுமார் 1200 டிகிரி செல்சியஸுக்கு மேல சுடும்போது, மண்ணில் ஒரு பகுதி உருகிக் கண்ணாடியாகி துளைகளை அடைத்துவிடுகிறது. நம்ம மண்பானை 1000 டிகிரிக்குக் கீழே சுடப்படுவது. துளைகள் அப்படியே இருப்பதால் தண்ணீர் கசிந்து ஆவியாகி, பானை ஜில்லுனு இருக்கு. பானைக்கு அது ஃபீச்சர், ஜாடிக்கு அதுவே பக்.

மேலே இருக்கிற பளபளப்பு, அதாவது கிளேஸ், அதுவும் கண்ணாடிதான். ஆரஞ்சுத் தோல் மாதிரி பொடிப்பொடியாப் புள்ளி விழுந்த பழைய ஜாடிகளைப் பார்த்திருக்கீங்களா? சூளை உச்ச சூட்டில் இருக்கும்போது சாதாரண உப்பை உள்ளே வீசுவாங்க. உப்பு ஆவியாகி, அதுல இருக்கிற சோடியம் மண்ணிலுள்ள சிலிக்காவோடு சேர்ந்து ஜாடி மேலயே கண்ணாடியாகப் படியும். செம்ம ஐடியா. ஆனா கூடவே ஹைட்ரோகுளோரிக் அமில வாயுவும் கிளம்பும், அதனால ஊருக்குள்ள இதை இப்போ செய்யறது கஷ்டம்.

சரி, காப்பி அடிப்போம். பழைய ஜாடி மேல பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சு எடுத்து, அதுக்குள்ள களிமண் குழம்பை ஊத்தினா வேலை முடிஞ்சுதா? இல்ல. மண் காயும்போது சுருங்கும், சுடும்போது மறுபடி சுருங்கும். மொத்தம் 12 சதவீதம்னு வெச்சுக்கோங்க, மண்ணைப் பொறுத்து மாறும். நீளம், அகலம், உயரம் மூணுமே 12 சதவீதம் குறைஞ்சா கொள்ளளவு 0.88 × 0.88 × 0.88, அதாவது 0.68. 1 லிட்டர் ஜாடியைக் காப்பி அடிச்சா கையில வர்றது சுமார் 680 மில்லி ஜாடி! அதனால மாதிரியையே 13, 14 சதவீதம் பெருசா செய்யணும்.

தமிழ்நாட்டுல செராமிக்னா விருத்தாசலம். அங்கே செராமிக் தொழிற்பேட்டை இருக்கு, செராமிக் டெக்னாலஜிக்குன்னே டிப்ளமோ சொல்லித்தர்ற அரசு நிறுவனமும் இருக்கு. கைவேலைக்கோ அறிவுக்கோ இங்க பஞ்சமில்லை. இடிக்கிறது எரிபொருள் செலவு. சூட்டைக் குறைச்சா காசு மிச்சம்.

ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்குது. குறைஞ்ச சூட்டுல கிளேஸ் உருகணும்னா, காலங்காலமா செஞ்ச எளிய வழி ஈயம் சேர்க்கிறது. புளிப்பு பட்டா அந்த ஈயம் கொஞ்சம் கொஞ்சமா சாப்பாட்டுல இறங்கும். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவுன்னு எதுவும் தெரியலைங்கிறது உலக சுகாதார அமைப்பின் நிலைப்பாடு. லேபில் வழக்கமா 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை 24 மணி நேரம் ஊற வெச்சு, எவ்வளவு ஈயமும் காட்மியமும் இறங்குதுன்னு பார்ப்பாங்க. நம்ம ஊறுகாய் உட்காருறது ஒரு வருஷம்!

பழசுன்னாலே சேஃப்னும் நினைக்காதீங்க. அமெரிக்காவில் 1936-ல் வந்த ஃபியஸ்டா பாத்திரங்கள் இன்னைக்கு சேகரிப்பவர்களோட செல்லம். அதில் பழைய சிவப்புக்கு நிறம் தந்ததே யுரேனியம்தான். 1970-களில் தயாரிப்பை நிறுத்திட்டாங்க. 1986-ல் திரும்பக் கொண்டுவந்தப்போ வடிவத்தை வெச்சுக்கிட்டு, மண் கலவையையும் கிளேஸையும் மாத்தினாங்க. எனக்குப் பிடிச்ச ரீமேக் இதுதான்.

நீங்க வாங்கப் போறீங்கன்னா ஜாடியைக் கவிழ்த்துப் பாருங்க. அடியில் கிளேஸ் இல்லாத வளையம் இருக்கும். அதுல ஒரு சொட்டுத் தண்ணி வைங்க. உடனே உறிஞ்சினா சரியா வேகலை, பூச்செடி வைக்கலாம். விரலால் சுண்டினா ணங்குன்னு கேக்கணும். உள்பக்கம் மயிரிழை விரிசலோ கலர் டிசைனோ இருந்தா ஊறுகாய் வேண்டாம். ஈயம் இந்த எதுலயும் தெரியாது, அதுக்கு லேப் ரிப்போர்ட் கேளுங்க. தர மறுத்தா ஜாடியை அங்கேயே வெச்சுட்டு வந்துடுங்க.