விண்ணிலிருந்து மண்ணை அறிதல்

ஒரு பொருளைத் தொடாமல், தொலைவிலிருந்தே அதன் இயல்பை அறியும் முறை தொலையுணர்தல் எனப்படும். இந்தியாவில் இம்முறையின் தொடக்கக்கால ஆய்வு ஒன்று தென்னந்தோப்புகளின்மேல் நிகழ்ந்தது.

கேரளத்தில் வேர்வாடல் நோய் தென்னைகளைத் தாக்கி, உழவர்தம் வாழ்வை நலிவுறச் செய்தது. 1970ஆம் ஆண்டு, அறிவியலறிஞர் பி. ஆர். பிஷரோட்டி தலைமையிலான குழுவினர், ஹெலிகாப்டரில் பறந்து, அகச்சிவப்புப் படச்சுருளில் தோப்புகளைப் படமெடுத்தனர். நலமான இலைகள், கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிர்களை மிகுதியாக எதிரொளிக்கும். ஆதலால் படத்தில் செந்நிறமாகத் தோன்றும். நோயுற்ற இலைகளில் அச்செம்மை மங்கியிருக்கும். இவ்வேறுபாட்டைக் கொண்டு, நோய் பரவிய இடங்களை வானிலிருந்தே கண்டறிய இயன்றது.

ஆயினும், நாடு முழுவதையும் ஹெலிகாப்டரில் பறந்து படமெடுத்தல் அரிது. எனவே செயற்கைக்கோள் தேவைப்பட்டது. பெங்களூருவில் உருவாக்கப்பட்ட பாஸ்கரா-1, 1979 ஜூன் 7 அன்று சோவியத் நாட்டிலிருந்து ஏவப்பட்டது. அதன் தொலைக்காட்சிக் கேமராக்கள் காடு, நீர்நிலை முதலியவற்றையும், நுண்ணலைக் கருவி கடற்பரப்பையும் ஆராய அமைந்தவை. ஆனால், ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்குக் குறைந்த பரப்பை அக்கேமராக்களால் பிரித்துக் காட்ட இயலவில்லை.

அக்குறையை நீக்கியது ஐ.ஆர்.எஸ்-1ஏ. பெங்களூருவிலேயே உருவாகி, 1988 மார்ச் 17 அன்று விண்ணேறிய அது, ஏறத்தாழ 36 மீட்டர் அளவுள்ள பரப்பையும் பிரித்துக் காட்டியது. மேலும், 22 நாள்களுக்கு ஒருமுறை அதே நிலப்பரப்பை மீண்டும் கண்டது. ஏரி சுருங்குவதையும் காடு குறைவதையும் உணர்த்துவது ஒரு படமன்று. அடுத்தடுத்த படங்களின் ஒப்பீடே ஆகும்.