வெளிறிய முகத்துக்கு ஒரே மருந்தா?

இந்திய சர்க்கார் சில ஆண்டுகளுக்கொரு முறை நடத்திவரும் தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது அறிக்கை 2019-21 ஆம் ஆண்டுகளைப் பற்றியது. அதன்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள ஸ்திரீகளில் நூற்றுக்கு 53 பேர் சோகை கண்டவர்கள். அதற்கு முந்திய 2015-16 ஆம் ஆண்டுக் கணக்கில் இத்தொகை 55. இடையில் குறைந்தவர் இருவரே. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் நிலைமையோ பின்னடைந்து, 51-லிருந்து 57-ஆக ஏறியிருக்கிறது. கோயம்புத்தூரில் நூற்பு யந்திரத்தண்டை நிற்கும் ஸ்திரீகளும், ஈரோட்டு மஞ்சள் காடுகளில் களையெடுப்போரும், நீலகிரியில் கொழுந்து பறிப்போரும் இக்கணக்கில் அடங்கியவர்களே. ஆகையால் கொங்கு நாட்டு வாசகர்கள் இதைத் தூரதேசத்துச் சங்கதியென்று ஒதுக்கிவிட இயலாது.

இந்நிலைமைக்கு நம்மவர் கூறும் சமாதானம் ‘இரத்தம் கம்மி’ என்ற இரண்டே சொற்கள். செய்யும் பரிகாரம் ஒரு புட்டி டானிக்கு. வெளிறிய முகம் பல வியாதிகளுக்குப் பொதுவான அறிகுறி. காரணத்தைப் பாராமல் மருந்தூட்டுவது, வாய்க்காலில் உடைப்பு எங்கே என்று பாராமல் பவானிசாகர் மதகைத் திறந்துவிடுவதற்கு ஒப்பாகும்.

மனித தேகத்தில் ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தம் ஓடுகிறது. அதில் பாதிக்குச் சற்று மேற்பட்டது மஞ்சள் நிறத் திரவம், எஞ்சியவை அணுக்கள். ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில், அதாவது ஒரு குண்டூசித் தலையளவில், சுமார் 50 லட்சம் சிவப்பணுக்கள் இருக்கின்றன. அதே அளவில் வெள்ளணுக்கள் 4,000 முதல் 11,000 வரை. தட்டணுக்கள் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை. வெள்ளணுக்கள் நோய்க்கிருமிகளை எதிர்த்துப் போராடுபவை. அவை கட்டுக்கடங்காமல் பெருகினால் அதுவே இரத்தப் புற்றுநோய். தட்டணுக்கள் காயத்தின் வாயை அடைப்பவை. டெங்கு ஜுரத்தில் குறைபவை இவையே. நாம் இங்கு விசாரிக்கப் புகுந்தது சிவப்பணுவைப் பற்றி.

சிவப்பணு எலும்பு மஜ்ஜையில் பிறந்து, சுமார் 120 நாள் உழைத்து மடிகிறது. அதனுள் இருக்கும் ஹீமோகுளோபின் என்னும் சிவந்த பொருளே சுவாசப்பையில் பிராணவாயுவை ஏற்று அங்கமெங்கும் கொண்டு சேர்ப்பது. அப்பொருளுக்கு இரும்பு இன்றியமையாதது. மடிந்த அணுவின் இரும்பைத் தேகம் வீணாக்குவதில்லை. சிக்கனமுள்ள குடியானவன் விதை நெல்லைக் காப்பதுபோல் காத்துப் புதிய அணுவுக்கு வழங்குகிறது. எனவே இரத்தம் வெளியே போகாதவரை இரும்பு எளிதில் தீர்ந்துவிடாது. ஸ்திரீகளுக்கோ மாதந்தோறும் அது செலவாகிறது. கர்ப்பத்திலும் பிரசவத்திலும் பின்னும் அதிகம். வெறுங்காலுடன் ஈரமண்ணில் வேலை செய்வோரின் பாதத்தைத் துளைத்தேறும் கொக்கிப்புழு, குடலில் தங்கி நாள்தோறும் இரத்தம் உறிஞ்சுகிறது. இவ்விதம் போவதை ஈடுசெய்ய வேண்டிய ஆகாரத்திலோ, கொங்குச் சீமையின் பழைய கம்பஞ்சோறு மறைந்து, தீட்டிய வெள்ளையரிசி வந்துவிட்டது. சாப்பிட்டவுடன் குடிக்கும் தேநீர் உள்ள இரும்பையும் தேகத்தில் சேரவொட்டாமல் தடுக்கிறது.

இவ்வகைச் சோகைக்கு இரும்பு மாத்திரை தகுந்த மருந்தென்பதில் ஐயமில்லை. வாரந்தோறும் பள்ளிச் சிறுமிகளுக்கு நீல மாத்திரையும், கர்ப்பிணிகளுக்குச் சிவப்பு மாத்திரையும் சர்க்கார் இலவசமாக அளித்துவருகிறது. ஆனால் அதை உண்டால் மலம் கறுக்கும், சிலருக்கு வயிறு புரட்டும் என்பதை முன்கூட்டிச் சொல்லுவார் இல்லையானால், பயந்து எறிந்துவிடுகிறார்கள். கொடுத்த மாத்திரையை எண்ணிப் புஸ்தகத்தில் எழுதுவது எளிது. விழுங்கினதை எண்ணுவார் யார்?

இரும்பு ஒன்றே முழுக்கதையும் அல்லவென்று உலகுக்குக் காட்டியது நமது தேசத்துத் தொழிலாள ஸ்திரீகளின் இரத்தமேயாகும். லூசி வில்ஸ் என்ற ஆங்கில வைத்திய மாது 1928-இல் பம்பாய்க்கு வந்து, நெசவாலைகளில் வேலை செய்த கர்ப்பிணிகளுக்குக் கண்ட கொடிய சோகையை ஆராய்ந்தார். அவர்களுடைய சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, அளவில் பருத்திருந்தன. 1929-இல் அவர் தமது ஆராய்ச்சியைச் சில மாதங்கள் மேட்டுப்பாளையத்துக்கு மேலேயுள்ள குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் நடத்தினார். மக்கார்ரிசன் என்பவர் இந்திய ஆகாரங்களைச் சோதித்துவந்ததும் குன்னூரிலேதான். ஈஸ்ட் என்னும் நொதியிலிருந்து செய்யப்பட்ட ‘மார்மைட்’ என்ற மலிவான சாரம் இச்சோகையைத் தீர்க்கிறதென்று வில்ஸ் 1931-இல் வெளியிட்டார். பத்தாண்டுக்குப் பின் 1941-இல், அச்சாரத்தில் ஒளிந்திருந்த பொருளை அமெரிக்க ரசாயனிகள் கீரையிலிருந்து பிரித்தெடுத்தனர். இன்று கர்ப்பிணிகளின் மாத்திரையில் இரும்போடு சேர்ந்திருக்கும் போலிக் அமிலம் அதுவே. பம்பாய் ஆலைக்காரிகளின் வறிய ஆகாரத்திலிருந்து பிறந்த இவ்வறிவால் உலகத்துத் தாய்மாரெல்லாம் பயனடைகின்றனர். நமது ஆலைகளில் அது எவ்வளவு தூரம் பயன்பட்டிருக்கிறதென்று தொழிற்சங்கத்தார் விசாரிக்க வேண்டும்.

அணுக்கள் பருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பால், முட்டை, மாமிசம் ஆகியவற்றிலிருந்தே கிடைக்கும் பி12 என்னும் சத்துக் குறைந்தாலும் இப்படியே ஆகும். அங்கே போலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் இரத்தம் தேறினதுபோல் தோன்றும். நரம்புகளோ உள்ளுக்குள் சேதமாகிக்கொண்டிருக்கும்.

இதுவரை சொன்னவை ஆகாரத்தாலும் இரத்தச் செலவாலும் வருபவை. பிறப்போடு வருவதும் ஒன்று உண்டு. அது நமது மலைகளிலேயே இருக்கிறது. 1868-இல் தனி நிர்வாகம் பெறும்வரை கோயம்புத்தூர் ஜில்லாவோடு இணைந்திருந்த நீலகிரியில், ஆதிவாசிகளின் இரத்தத்தைச் சோதித்த லேமன், கட்புஷ் என்ற இருவர், பிராணவாயு குறைந்தபோது அரிவாள்போல் வளையும் சிவப்பணுக்களைக் கண்டு 1952-இல் வெளியிட்டார்கள். இந்தியாவில் இவ்வணு முதன்முதல் அறியப்பட்டது அப்போதுதான். ஹீமோகுளோபினின் ஒரு பகுதியில், ஆறாவது இடத்தில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறியிருப்பதே இதற்கெல்லாம் காரணம். வளைந்த அணு 120 நாளுக்குப் பதிலாக 10 அல்லது 20 நாளில் மடிகிறது. நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைத்துப் பொறுக்கவொண்ணாத எலும்புவலியை உண்டாக்குகிறது. இரும்புக் குறைவில்லாத இடத்தில் இரும்பை ஊட்டி இதை மாற்ற முடியாது. மலையிலிருந்து இறங்கி வந்து, வலியால் துடிக்கும் ஆதிவாசிச் சிறுவனுக்கு ‘இரத்தம் கம்மி’ என்று ஒரு டானிக்கைக் கொடுத்துத் திருப்பியனுப்புவது அநீதியென்றே நாம் சொல்லுவோம்.

ஆகவே நாம் கோருவது இதுதான். ஒவ்வோர் ஆலையிலும், தோட்டத்திலும், மலையடிவார வைத்தியசாலையிலும் ஹீமோகுளோபின் அளவோடு அணுக்களின் பருமனையும் பார்க்கும் பரிசோதனை நடைபெற வேண்டும். மருந்து அதற்குப் பிறகு வரட்டும். இதில் வரும் தொகைகளைத் தொழிலாளர் தலைவர்கள், கூலிக் கணக்கைக் கேட்கும் உறுதியோடு கேட்டுப் பெற வேண்டும்.

அரிவாளணுச் சோகையை 2047-க்குள், அதாவது சுயராஜ்யத்தின் நூறாவது ஆண்டுக்குள், ஒழிப்பதாக மத்திய சர்க்கார் 2023 ஜூலை 1-இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. 40 வயதுக்குட்பட்ட 7 கோடிப் பேரைச் சோதித்து, அவரவர் இரத்த நிலையைக் குறிக்கும் அட்டை வழங்குவது இதன் நோக்கம். தாய் தந்தை இருவரும் இக்குணத்தை ஒரு பங்கு மட்டும் தாங்கியவராயின், ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு வியாதி வர நாலில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. இதை விவாகத்துக்கு முன்னரே அறிவது நன்று. எனினும் ஜாதகக் கட்டம் பார்த்துப் பழகிய நமது சமூகம் இவ்வட்டையை எப்படிப் பார்க்கும் என்பதில் நமக்குக் கவலை உண்டு. ஒரு பங்கு மட்டும் தாங்கியவர் சாதாரணமாக எவ்வியாதியுமின்றி உழைத்து வாழ்பவர். கொடிய மலேரியா ஜுரம் அவரை மற்றவர்போல் எளிதில் வீழ்த்துவதுமில்லை. அந்த அட்டையைக் காட்டி ஓர் ஆதிவாசிப் பெண்ணைக் குறையுள்ளவளென்று எவரேனும் ஒதுக்க முற்பட்டால், அவ்வூர் ஊழியர்கள் இதை எடுத்துச் சொல்லி அவள் பக்கம் நிற்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகிறோம்.