ஆறுபுள்ளி பர்னெட் அந்துப்பூச்சியை ஒளிப்படம் எடுத்தல்

ஆறுபுள்ளி பர்னெட் (சைகீனா பிலிபெண்டுலே) என்பது ஐரோப்பாவின் புல்வெளிகளிலும் கடற்கரை மணற்குன்றுகளிலும் வாழும், பகலில் பறக்கும் அந்துப்பூச்சி இனம் ஆகும். 1758 ஆம் ஆண்டில் கார்ல் லின்னேயசு இதனை விவரித்தார். பச்சை கலந்த கருநிற முன்னிறக்கை ஒவ்வொன்றிலும் ஆறு செம்புள்ளிகள் உள்ளன. பின்னிறக்கைகள் சிவப்பு நிறமானவை. உணர்கொம்புகள் நுனியில் தடித்திருப்பதாலும் வெயிலில் பறப்பதாலும் இதனைப் பலர் வண்ணத்துப்பூச்சி எனக் கருதிவிடுவதுண்டு. பிரித்தானியாவில் சூன் முதல் ஆகத்து வரை இதனைக் காணலாம். வேல்சின் நியூபரோ, இங்கிலாந்தின் பிரான்டன் பரோசு போன்ற மணற்குன்றுப் பகுதிகளில் இது பரவலாக உள்ளது.

== மணற்குன்றுகளும் பூக்களும் ==

கடலை ஒட்டிய குன்றுகளில் மார்ரம் புல்லே மிகுதி. அவற்றுக்குப் பின்னால், சிப்பித்தூள் கலந்து சுண்ணாம்புச் சத்து மிக்க நிலைத்த மணலில், பலவகைக் காட்டுப்பூக்கள் செழிக்கின்றன. பூச்சி தேடுவோர் செல்லவேண்டிய இடம் இதுவே. இதன் புழுக்கள் லோட்டசு கார்னிக்குலேட்டசு என்னும் மஞ்சள் பூச்செடியின் இலைகளை உண்கின்றன. பெயர் லோட்டசு என்றாலும் இது தாமரை அன்று. பயறு, அவரை ஆகியவற்றின் உறவுச் செடி. வளர்ந்த பூச்சிகளோ முட்செடிகள், சென்டோரியா, இசுகேபியோசா முதலியவற்றின் ஊதா நிறப் பூக்களில் தேன் அருந்துகின்றன. ஒரே பூத்தலையில் நான்கைந்து பூச்சிகள் ஒன்றாக அமர்ந்திருப்பதும் உண்டு.

பிரமிடு ஆர்க்கிடு பூவில் தேன் அருந்த முயலும் பூச்சியின் உறிஞ்சுகுழலில் அப்பூவின் மகரந்தத் திரள்கள் ஒட்டிக்கொள்கின்றன. சார்லசு டார்வின் 1862 இல் வெளியிட்ட ஆர்க்கிடு நூலில், இவ்வாறு மகரந்தம் சுமந்த பூச்சிகளின் பட்டியலில் இவ்வினமும் இடம்பெற்றது. பக்கவாட்டில் எடுக்கப்பட்ட தெளிவான ஒளிப்படத்தில், குழலைக் கவ்விய சிறு கட்டிகளாக இவற்றைக் காண இயலும்.

== அஞ்சாத பூச்சி ==

பளிச்சிடும் சிவப்பு ஓர் எச்சரிக்கை ஆகும். இப்பூச்சியின் உடலில் லினமரின், லோட்டாசுட்ராலின் என்னும் சேர்மங்கள் உள்ளன. தாக்கப்படும்போது இவற்றிலிருந்து ஐதரசன் சயனைடு வெளிப்படும். மரவள்ளிச் செடியில் இருப்பதும் இதே லினமரின்தான். புழு இச்சேர்மங்களை உணவுச்செடியிலிருந்து சேமிப்பதோடு, தானாகவும் உருவாக்கிக் கொள்கிறது. இத்தகைய பாதுகாப்பு இருப்பதால் பூச்சி எளிதில் வெருண்டு ஓடுவதில்லை. ஒளிப்படக் கலைஞருக்கு இது பெரும் வாய்ப்பு. மெதுவாக நெருங்கினால் ஒரு சாண் தொலைவிலிருந்தும் படம் எடுக்கலாம்.

== படம் எடுக்கும் முறை ==

இறக்கை மூடி அமர்ந்த பூச்சி ஏறத்தாழ 20 மி.மீ. நீளமுடையது. 36 மி.மீ. அகலமுள்ள முழுச்சட்ட உணரியில் 1:1 உருப்பெருக்கத்தில் இது பாதிக்கு மேல் இடத்தை நிரப்பும். ஆயினும் 1:1 இல் வில்லையின் துளையை எஃப்/11 என வைத்தாலும் கூர்மையாகத் தெரியும் ஆழம் சுமார் 1.3 மி.மீ. மட்டுமே. உருப்பெருக்கத்தைப் பாதியாகக் குறைத்தால் இது ஏறக்குறைய 4 மி.மீ. ஆக உயர்கிறது. எனவே சற்று விலகி எடுத்துப் பின்னர் படத்தை வெட்டிக்கொள்வது பெரும்பாலும் நல்லது. துளையை மேலும் சுருக்கினால் ஒளியின் விளிம்பு விலகலால் நுண்விவரங்கள் மங்கிவிடும்.

கடற்காற்றே முதன்மை இடையூறு. பூத்தண்டு ஆடிக்கொண்டே இருக்குமாதலால் 1/250 நொடியோ அதைவிடக் குறைந்த நேரமோ தேவைப்படும். பல படங்களை அடுக்கிக் கூர்மையாக்கும் முறை காற்றற்ற அதிகாலையில் மட்டுமே பயன் தரும். அவ்வேளையில் பூச்சிகள் குளிரால் அசைவற்றுப் பூக்களிலும் புல்தண்டுகளிலும் ஒட்டியிருக்கும். தண்டுகளின் மேற்பகுதியில் காகிதம் போன்ற மஞ்சள் கூடுகளும் தென்படும். கூட்டிலிருந்து அப்போதுதான் வெளிவந்த பெண்பூச்சியை ஆண்பூச்சி தேடிவந்து, அக்கூட்டின் மேலேயே இணைசேர்வதும் உண்டு.

கரிய பூச்சியைக் கண்ட கருவியின் ஒளிமானி படத்தை வெளிறச் செய்துவிடும். அப்போது முதலில் கெடுவது சிவப்பு. புள்ளிகள் விவரமற்ற வெறும் திட்டுகளாகிவிடும். ஒளியளவை 1/3 முதல் 2/3 படி வரை குறைப்பது இதற்குத் தீர்வு. இறக்கை உலோகம்போல் மின்னுவதால், நேரடிப் பளிச்சொளியைவிட மேகமூட்ட ஒளியோ பரப்பப்பட்ட ஒளியோ சிறந்தது. மணலும் உப்பும் கருவிக்குப் பகை. குன்றின்மேல் வில்லையை மாற்றுதல் கூடாது.

== அடையாளம் காணல் ==

அழகிய படம் எப்போதும் நல்ல பதிவாக அமைவதில்லை. ஐந்து புள்ளிகளுடைய நெருங்கிய உறவினங்கள் இரண்டும் பிரித்தானியாவில் உள்ளன. ஆறுபுள்ளி இனத்திலும் வெளிப்புறப் புள்ளிகள் இரண்டும் சில வேளை ஒன்றாக இணைந்துவிடுவதால், எண்ணினால் ஐந்தே கிடைக்கும். அரிதாகச் சிவப்புக்கு மாற்றாக மஞ்சள் நிறமுடைய பூச்சிகளும் தோன்றுகின்றன. ஆகவே முன்னிறக்கையின் மேற்பரப்பு முழுவதும் தெரியுமாறு கருவியை இறக்கைக்கு இணையாகப் பிடித்து ஒரு படமேனும் எடுத்தல் வேண்டும். பின்னிறக்கையின் கருவிளிம்பைக் காட்டும் படமும் உதவும்.

== நிலமும் இடக்குறிப்பும் ==

மார்ரம் புல்லின் வேர்த்தண்டுகளே மணலைப் பிணைத்து வைத்துள்ளன. தொடர்ந்து மிதிபட்டு அவை அழியுமாயின் காற்று மணலை வாரிச் செல்லும். எனவே இருக்கும் தடங்களில் நடப்பதும், மண்டியிடும் முன் கீழே ஆர்க்கிடுகள் உள்ளனவா எனப் பார்ப்பதும் இன்றியமையாதவை.

ஆறுபுள்ளி இனம் பரவலானது; அதன் உறவினங்கள் எல்லாம் அவ்வாறல்ல. சைகீனா விசியே என்னும் இனம் இங்கிலாந்தின் நியூ பாரசுட்டு பகுதியிலிருந்து 1927 இல் மறைந்தது. சேகரிப்போர் அளவின்றிப் பிடித்ததும் அதற்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. 1963 இல் இசுக்காட்லாந்தின் மேற்குக் கரையில் இது மீண்டும் கண்டறியப்பட்டது. செம்மறியாடுகளின் மேய்ச்சலால் அங்கும் அழிவின் விளிம்புக்குச் சென்று, வேலி அமைத்தபின் மீண்டது. அவ்விடம் பொதுவில் வெளியிடப்படுவதில்லை. இன்றைய கைபேசிகளும் பல ஒளிப்படக் கருவிகளும் எடுத்த இடத்தின் அகலாங்கு நெட்டாங்கைப் படக்கோப்பிலேயே பதிகின்றன. அரிய இனத்தின் படத்தைப் பகிரும் முன் இத்தரவை நீக்கிவிட்டு, துல்லியமான இடத்தைப் பதிவு பேணுவோருக்கு மட்டும் அனுப்புவதே முறையாகும்.